டை அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: காதோரச் சோதனை முதல் கடைசி அலசல் வரை

"இருபது வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிறவர்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியவர். தலைச்சாய ஒவ்வாமை முதல் நாளிலேயே வருவது அரிது. பல வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, அதே கடையில் வாங்கிய அதே பாக்கெட்டிலேயே ஒருநாள் வரும். வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

காரணம் பாரா-ஃபினைலீன்டையமின் என்ற பொருள். சுருக்கமாக பிபிடி. நிரந்தரக் கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் இதுவோ, இதன் உறவுக்காரப் பொருளான டொலுவீன்-2,5-டையமினோ இருக்கும். பிபிடிக்கென்று தனிக் கறுப்பு நிறம் கிடையாது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் எளிதாக நுழையும். அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து பெரிய நிற மூலக்கூறாகிவிடும். பெரிதான பிறகு வெளியே வர முடியாது, அதனால்தான் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நிறம் போவதில்லை. நுழைய உதவும் அதே சிறிய உருவம்தான் தோலுக்குள்ளும் போகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை ஒருமுறை எதிரி என்று குறித்துக்கொண்டால், அதற்குப் பின் எப்போது பட்டாலும் சண்டை.

அந்தச் சண்டை உடனே தெரியாது என்பதுதான் வில்லங்கம். பொதுவாக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். வைகாசியிலும் ஆவணியிலும் தஞ்சாவூர், கும்பகோணம் மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி டை அடித்துக்கொண்டு நிற்கும் மாமாக்களையும் சித்தப்பாக்களையும் நினைத்துப் பாருங்கள். தாலி கட்டும்போது முகம் நன்றாகத்தான் இருக்கும். மறுவீட்டு விருந்தில் கண் திறக்காது. கல்யாணத்துக்கு டை அடிப்பதென்றால் குறைந்தது பத்து நாள் முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும், ஐந்தாறு நாள் முன்பே அடித்து முடிக்க வேண்டும்.

பாக்கெட்டை வாங்கும்போது

மளிகைக்கடையில் தொங்கும் சாஷே, பார்லரில் பிழியும் ட்யூப், நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் "மூலிகை" பொடி எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: உள்ளே பிபிடி இருக்கிறதா? பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் ஃபினைலீன்டையமின் என்று முடியும் பெயரைத் தேடுங்கள். சிலவற்றில் சாய எண் 76060 என்று மட்டும் இருக்கும். அதுவும் இதுதான்.

தண்ணீரில் மட்டும் கலக்கும் பொடிகளில் பெராக்சைடு கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். பொடிக்குள்ளேயே பேரியம் பெராக்சைடு, சோடியம் பெர்போரேட் போன்றவை உலர்ந்த நிலையில் இருக்கும். தண்ணீர் பட்டதும் வேலை தொடங்கிவிடும். "அமோனியா இல்லை" என்ற வரிக்கும் பெரிய அர்த்தம் இல்லை. நெடி குறையும், அவ்வளவே. அமோனியாவுக்குப் பதில் எத்தனாலமைன் என்ற வேறு காரம் இருக்கும், பிபிடி அப்படியே இருக்கும். ஒவ்வாமைக்கும் அமோனியாவுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னும் பெரிய ஏமாற்று, "கறுப்பு ஹென்னா" என்ற பெயர். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் ஆரஞ்சு, செம்பழுப்பு தவிர வேறு நிறம் தராது. அரை மணி நேரத்தில் நரைமுடியைக் கறுப்பாக்கும் மருதாணி எதுவாக இருந்தாலும் அதில் பிபிடியோ வேறு ரசாயனச் சாயமோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சீப்பில் வந்த நரைமுடியில் கொஞ்சம் குழைத்துப் பூசி அரை மணி நேரம் வைத்துக் கழுவிப் பாருங்கள். சுத்தமான மருதாணி அதற்குள் லேசான ஆரஞ்சுக்கு மேல் ஏறாது.

இதே எச்சரிக்கை கையில் போடும் கறுப்புக் கோன்களுக்கும் பொருந்தும். கல்யாண வீட்டிலும் கந்தூரி, திருவிழாக் கடைகளிலும் குழந்தைகளின் கையில் போட்டுவிடும் கோன் சட்டென்று கறுப்பானால், அதில் பிபிடி இருக்கலாம், தலைச்சாயத்துக்கான வரம்பையும் தாண்டிய அளவில். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் நேரடியாகப் பூசும் சாயத்தில் அதற்கு இடமே இல்லை. எட்டு வயதில் கையில் போட்ட கறுப்புக் கோனால் வந்த ஒவ்வாமை, நாற்பது வயதில் முதல்முறை டை அடிக்கும்போது முகம் முழுக்க வீங்கி வெளியே தெரியும்.

சோதனை

இந்தியாவில் பிபிடி உள்ள சாயப் பாக்கெட்டின் மேல் எச்சரிக்கையும், உள்ளே சோதனை செய்யும் முறையும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர் குறைவு. அது சொல்வது: காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சோப்பால் கழுவித் துடைத்து, பூசத் தயாரான கலவையில் கொஞ்சம் தடவி, காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அடிப்பதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும்.

24 மணி நேரத்தோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வாமை மூன்றாம் நாளிலும் தலைகாட்டும். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

புதன் இரவு குளித்த பின், ட்யூப் என்றால் க்ரீமும் டெவலப்பரும் (கூடவே வரும் பெராக்சைடு கலவை) பட்டாணி அளவு ஒவ்வொன்று, பொடி என்றால் ஒரு சிட்டிகையும் இரண்டு சொட்டுத் தண்ணீரும், பிளாஸ்டிக் மூடியில் கலக்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் முன்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். மூட வேண்டாம். பிரித்த பாக்கெட்டை மடித்து டேப் ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஐப்பசி ஈரத்தில் திறந்து வைத்த பொடி ஞாயிற்றுக்கிழமைக்குள் வீணாகிவிடும்.

வியாழன் இரவு கழுவுங்கள். அதற்கு முன்பே எரிந்தாலோ அரித்தாலோ உடனே கழுவிவிட்டு அத்தோடு நிறுத்துங்கள்.

வெள்ளி இரவும் சனி இரவும் வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் இருந்தால் அது சாயம் பிடித்த அடையாளம், ஒவ்வாமை இல்லை. சிவப்பு, தடிப்பு, அரிப்பு, சிறு நீர்க்கொப்புளம் இவற்றில் எது இருந்தாலும் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது. பிராண்டை மாற்றினாலும் பயனில்லை, பெயர்தான் மாறும்.

எதுவும் இல்லையென்றால் ஞாயிறு காலை அடிக்கலாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ளவர்கள் அந்த வாரம் புதனோடு முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த முடியில் சாயம் சீராகப் பிடிக்காது. அதற்காக ஞாயிறு காலையில் ஷாம்பு போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டும் உட்காராதீர்கள். மண்டைத் தோலின் இயல்பான எண்ணெய் ஒரு காப்பு, தேய்த்தெடுத்த தோலில் எரிச்சல் கூடும்.

முன்பே ஒருமுறை டையால் அரிப்போ வீக்கமோ வந்தவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள். வாசலினில் கலந்த 1 சதவீத பிபிடியை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, இரண்டாம் நாளும் நான்காம் நாள் வாக்கிலும் பார்த்துச் சொல்வார்கள். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில மரத்துப்போகச் செய்யும் மருந்துகளும் (பென்சோகெய்ன், புரோகெய்ன்), சல்ஃபா மாத்திரைகளும், துணிச் சாயங்கள் சிலவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் பல் டாக்டரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடிக்கும் நாள்

மண்டையில் கீறல், புண், பொடுகால் சொறிந்த காயம், ஈருளி போட்டு வாரிய சிவப்பு எது இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். மொட்டை போட்டு முடி இப்போதுதான் முளைக்கிறவர்களுக்கும் இதே விதி. கத்தி பட்ட தோல் ஆற இரண்டு மூன்று வாரமாவது கொடுங்கள்.

கையுறை நைட்ரைல் உறையாக இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் நீல நிறத்தில் கிடைக்கும். பாக்கெட்டோடு வரும் பாலித்தீன் உறை விரலிடுக்கில் கிழியும், உள்ளே இறங்கிய சாயம் வியர்வையோடு ஊறும். நெற்றி ஓரம், காது மடல், பின்கழுத்தில் வாசலின் தடவுங்கள். முடியில் படாமல் தோலில் மட்டும்.

கலக்குவதற்குப் பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணம். பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் கூடாது. உலோகம் பெராக்சைடைச் சிதைக்கும், கலவை சூடாகும், நிறமும் கெடும். மஞ்சள் பாரிக்கும் போர் தண்ணீரில் இரும்பு இருக்கும். பொடி கலக்க ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

க்ரீம் வகைகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கு ஒன்று. அதாவது 20 கிராம் க்ரீமுக்கு 20 மில்லி டெவலப்பர். சில வகைகளில் ஒன்றுக்கு ஒன்றரை வரும், தாளில் உள்ளதைப் பாருங்கள். டெவலப்பரின் வலுவை வால்யூம் என்று குறிப்பிடுவார்கள். நரையை மறைக்க 20 வால்யூம் போதும், அதாவது 6 சதவீத பெராக்சைடு. 30 வால்யூம் 9 சதவீதம், 40 வால்யூம் 12 சதவீதம். இவை முடியை வெளுக்கச் செய்வதற்கானவை. வீட்டில் மண்டைத் தோலில் படும்படி இவற்றைத் தொடாதீர்கள். "சீக்கிரம் பிடிக்கும்" என்று பார்லரில் வலுவைக் கூட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கலந்ததும் பூச வேண்டும். மீந்ததை மூடிப் பத்திரப்படுத்தாதீர்கள். மூடிய பாட்டிலுக்குள் ஆக்சிஜன் சேர்ந்து வெடித்துத் தெறிக்கலாம். எப்படியும் அடுத்த நாள் அதில் சாயம் மிஞ்சாது.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். மறுமுறை அடிக்கும்போது வேரோரம் வெள்ளை தெரியும் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு மட்டும் பூசினால் போதும். பிரஷ்ஷை முடியில் ஓட்டுங்கள், தோலில் தேய்க்க வேண்டாம். இரண்டு முறைக்கு நடுவே நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி.

ஜன்னலைத் திறந்து, மின்விசிறி ஓடும் இடத்தில் நிழலில் உட்காருங்கள். டை பூசிக்கொண்டு திண்ணை வெயிலில் காயும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. சித்திரை வெயிலில் வியர்வை வழிந்து சாயம் கண்ணுக்குள் இறங்கும், சூட்டில் எரிச்சலும் கூடும். கடிகாரத்தைப் பாருங்கள். 30 நிமிடம் என்றால் 30 நிமிடம். சீரியல் முடியட்டும் என்று உட்கார்ந்தால் நிறம் கூடாது, தோலுக்குள் போவதுதான் கூடும். நடுவில் எரிச்சல் வந்தால் நேரம் பார்க்காமல் எழுந்து கழுவுங்கள்.

அலசும்போதும் கையுறையைக் கழற்றாதீர்கள். பூசும்போது போட்டுவிட்டு அலசும்போது வெறுங்கையால் தேய்ப்பதால் கையில் வரும் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) ஏராளம். தலையை முன்னால் சாய்த்து, நெற்றியில் துணியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசி, பிறகு மிதமான ஷாம்பு. இதை ஆற்றிலோ குளத்திலோ முங்கிச் செய்ய வேண்டாம். கண்ணுக்கும் ஆகாது, பக்கத்துப் படித்துறையில் குளிப்பவருக்கும் ஆகாது.

மீசைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைக்கு மாதம் ஒருமுறை அடிப்பவர்கள் மீசைக்கு வாரம் ஒருமுறை அடிக்கிறார்கள். மேலுதட்டுத் தோல் மெல்லியது, பக்கத்திலேயே சவரக் கீறல், வாய் வேறு அருகில். சவரம் செய்த அன்று அடிக்காதீர்கள், ஒரு நாளாவது விடுங்கள். சிறிய மீசைச் சீப்பால் முடி மேல் மட்டும் பூசி, சொன்ன நேரத்தில் துடையுங்கள். பல வருஷம் இப்படி அடித்தவர்களில் சிலருக்கு உதட்டோரமும் காதோரமும் வெள்ளைத் திட்டுகள் விழும், சிலருக்கு நெற்றிப் பொட்டுப் பக்கம் தோல் கருக்கும். இரண்டுமே பிபிடியால் வரக்கூடியவை. வெயில் பட்டுக் கறுத்தது என்று விட்டுவிடாமல் சாயத்தை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் கிடையாது. பார்வையே போகக்கூடும் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டிய அளவுக்கு அது ஆபத்து.

மருதாணியும் அவுரியும்

பிபிடி ஆகாதவர்களுக்கு உள்ள நல்ல வழி, மருதாணி முதலில், அவுரி (நீலச் சாயம் தரும் செடியின் இலைப் பொடி) பிறகு. பொறுமை வேண்டும். தோள் வரை முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடியை, ஒரு எலுமிச்சைச் சாறும் வெதுவெதுப்பான தண்ணீருமாகத் தயிர்ப் பதத்தில் குழைத்து மூடி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு நான்கு மணி நேரம் போதும், மார்கழியில் ராத்திரி முழுக்க. பூசி இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முடி ஆரஞ்சாகும், பயப்பட வேண்டாம்.

அன்றோ மறுநாளோ 100 கிராம் அவுரிப் பொடியில் அரை ஸ்பூன் உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். எலுமிச்சை, தயிர் சேர்க்கக் கூடாது, அவுரிக்குப் புளிப்பு ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே நீலம் படரும், அப்போதே பூசிவிட வேண்டும். வைத்திருந்தால் வலு போய்விடும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கழித்து அலசி, இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய் தவிருங்கள். முதலில் பச்சை அடித்தாற்போல் இருக்கும், இரண்டு நாளில் கறுக்கும்.

இதற்கும் முன்கைச் சோதனை உண்டு. இலை என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம், உள்ளங்கையிலும் தலையிலும் தடவவே வேண்டாம். கரிசலாங்கண்ணித் தைலமும் கருஞ்சீரக எண்ணெயும் நரையைக் கறுப்பாக்கும் என்ற காணொளிகளை நம்பிக் காத்திருப்பதில் தலைக்கு நஷ்டமில்லை, நரையும் போகாது.

வீங்கினால்

அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் மண்டையில் தொடங்காது. இமை, காது, நெற்றி ஓரம், பின்கழுத்தில் தொடங்கும். அங்கெல்லாம் தோல் மெல்லியது. மிதமான ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி வையுங்கள். நீர் கசியும் தோலில் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை எதுவும் அரைத்துப் போடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் தேய்த்தால் இன்னொரு நோயைக் கூட்டி வரும். கண் மூடும் அளவு வீங்கினாலும், கொப்புளம் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெல்டா பக்கம் இருப்பவர்களுக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, மயக்கம் என்றால் 108. இது அரிது, ஆனால் நிமிடக் கணக்கில் முற்றும்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீர். பிறகு கண் மருத்துவர்.

முடியை மழித்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லை. முழுதாகப் பிணைந்து கறுத்த சாயம் தோலைத் தூண்டுவதில்லை, தொல்லை தருவது பாதியில் நின்ற மிச்சம்தான். நன்றாக அலசினால் போதும்.

புற்றுநோய் பயம்

தனக்குத் தானே டை அடிப்பவர்களைப் பற்றி, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புற்றுநோய் உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்த முடியாது என்றுதான் சொல்கிறது. ஆனால் முடிதிருத்தும் தொழிலையே செய்பவர்களுக்கு அந்தத் தொழில்சார் வெளிப்பாடு "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் இருக்கிறது. 2020-இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 1,17,200 பெண்களை 36 வருஷம் தொடர்ந்து, பெரும்பாலான புற்றுநோய்களில் கூடுதல் ஆபத்து இல்லை என்று கண்டது. அதற்குச் சற்று முன் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு நிரந்தரச் சாயம் போட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் அதிகம் என்றது. மாதம் ஒருமுறை அடிப்பவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம், முன்கைச் சோதனையை விடாமல் செய்தால் போதும்.

கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் தள்ளிப்போடுவது வழக்கமான அறிவுரை. தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிரந்தரச் சாயம் வேண்டாம்.

சலூன் நடத்துபவர்களுக்கு நிலைமை வேறு. ஒரு நாளில் எத்தனை தலை! ஒவ்வொரு தலைக்கும் புது நைட்ரைல் உறை, அலசும்போதும் உறை, அடித்த மறுநாள் அந்த முடியை வெட்டுவதைவிட முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அடிப்பது. ப்ளீச் பொடியிலுள்ள பெர்சல்ஃபேட் ஆஸ்துமா உண்டாக்கும், அதனால் அதை விசிறிக்கு எதிரே தட்டாமல் ஈரமாக்கிக் கலக்குங்கள். வாடிக்கையாளரிடம் "முன்னாடி எப்பவாவது அரிச்சிருக்கா அண்ணே?" என்ற ஒரு கேள்வியும் வேண்டும். வாடிக்கையாளர் பக்கமும் "பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மிச்சப் பாக்கெட்டைக் குளியலறைப் பிறையில் ஷாம்பு சாஷேக்களோடு சொருகி வைக்காதீர்கள். வாய்வழி உள்ளே போனால் பிபிடி கடும் விஷம். சில மணி நேரத்தில் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சை அடைக்கும், தசைகள் சிதைந்து சிறுநீர் கறுத்துச் சிறுநீரகம் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வீங்குகிறதா என்று காத்திருக்காமல், 108-ஐ அழைத்து, பாக்கெட்டோடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உயரத்தில் பூட்டும் அலமாரி இல்லாத வீட்டில், ஒருமுறைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, மிச்சத்தை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.